படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்திட்டவர்

ஞாயிற்றுக்கிழமை காலை. பம்மல் மார்க்கெட்டில் மீனை வெட்டி வாங்குவதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன். தேவியிடமிருந்து போன் வந்தது. என்னோடு பதினைந்து ஆண்டுகள் ஒரே இடத்தில் வேலை பார்த்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கூப்பிடுவதில்லை.

"அக்கா, எங்க கீற?"

"மார்க்கெட்ல. இன்னாடி?"

"கொஞ்சம் ஓரமா வா. நம்ம ஜெசிந்தா மேடம் போய்ட்டாங்களாம். காலைல சர்ச்சுக்குக் கிளம்பிக்கினு இருந்தவங்க, தலைய வலிக்குதுன்னு உக்காந்தாங்களாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம்."

மீன்காரர் என்னைப் பார்த்து, "தலை வேணுமாம்மா, எடுத்துடவா?" என்று இரண்டு முறை கேட்டார். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. பையை வாங்கிக்கொண்டு சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்ற பிறகுதான், வீடு இந்தப் பக்கம் இல்லை என்பதே உறைத்தது.

ஜெசிந்தா மேடத்தோடு வேலை பார்த்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவரைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தாம்பரம் சானடோரியம் பக்கத்தில், மருத்துவமனைகளில் குளுக்கோஸ் ஏற்றும் குழாய்களைச் செய்கிற ஒரு தொழிற்சாலையில் அவர் ஆறு ஆண்டுகள் உற்பத்தி மேலாளராக இருந்தார். நான் அங்கே ஒரு லைனுக்கு லீடர். அவர் என்னைவிட ஆறு வயது இளையவர். நான் அவரை மேடம் என்பேன். அவர் என்னை அக்கா என்பார். அப்படிக் கூப்பிட்டுக்கொண்டாலும், முதல் ஓராண்டு எங்கள் இருவருக்கும் நடுவே நம்பிக்கை என்று எதுவும் கிடையாது.

நாங்கள் குழாய் ஒட்டும் கூடத்துக்குள் தூசு வரக்கூடாது. அதனால் தலை முதல் கால் வரை நீல அங்கி, தொப்பி, முகக்கவசம். வெளியே தெரிவது கண்கள் மட்டும்தான். அவருக்கு முன்னால் இருந்த மேலாளர் எங்களை மேசை எண்ணைச் சொல்லித்தான் அழைப்பார். "பதினாலு, கை ஓடட்டும்" என்பார். ஜெசிந்தா வந்த முதல் நாளே பெயர் சொல்லி அழைத்தார், பெரும்பாலும் தப்பாக. என்னை மூன்று நாள் தேவி என்றார். தேவியை செல்வி என்றார். "சாரி, கண்ண மட்டும் வெச்சு கண்டுபிடிக்க வேண்டியிருக்கு. நாளைக்கு கரெக்டா சொல்றேன்" என்பார். மறுநாளும் தப்பாகவே சொல்வார். முகக்கவசத்துக்குள் நாங்கள் சிரிப்பது அவருக்குத் தெரியாது என்று நினைத்தோம். மூன்றாவது வாரம் நாற்பது பேரின் பெயரும் சரியாக வந்துவிட்டது.

"பேர் சொல்லிக் கூப்பிடுறாங்கன்னு உருகாத. அடுத்த மாசம் டார்கெட் ஏறும் பாரு" என்றாள் தேவி. அவள் சொன்னபடியே டார்கெட் ஏறியது.

இனிமையாகப் பழகத் தெரிந்தவர் அல்ல அவர். இறந்துவிட்டார் என்பதற்காக அதை மாற்றி எழுத எனக்கு மனமில்லை. சிரிப்பது குறைவு. யார் வீட்டுக் கல்யாணத்துக்கும் வரமாட்டார். மழையில் மின்சார ரயில் தாமதமானால்கூட, "முன்னாடி ரயில்ல வந்திருக்கலாமே?" என்று கேட்பார். தேவியின் தங்கைக்கு நிச்சயதார்த்தம் வந்தபோது, ஏற்றுமதி நெருக்கடி என்று சொல்லி ஒருநாள் விடுப்பு தர மறுத்துவிட்டார். தேவி கெஞ்சிப் பார்த்தாள், அழுதும் பார்த்தாள். அவர் மசியவில்லை. அதற்காகப் பிறகு அவர் வருத்தம் தெரிவித்ததாகவும் எனக்கு நினைவில்லை.

ரேகாவின் விஷயம் அவர் வந்த எட்டாவது மாதம் நடந்தது.

ரேகா ஒப்பந்தத் தொழிலாளி. பொழிச்சலூரிலிருந்து வருவாள். கல்யாணமாகி ஓராண்டு. ஒருநாள் உடை மாற்றும் அறையில் என்னைத் தனியாக அழைத்து, மூன்று மாதம் என்றாள். குழாய்களை ஒட்டப் பயன்படுத்தும் திரவத்தின் நெடி அவளுக்குக் குமட்டியது. "யார்கிட்டயும் சொல்லாதக்கா. எப்டியாச்சும் பேக்கிங் பக்கம் மாத்தி வுட்டா போதும்" என்றாள். நான் யோசித்து, மேலாளரிடம் மட்டும் சொல்வது என்று முடிவு செய்தேன். ஜெசிந்தா உடனே ஒப்புக்கொண்டார். அன்று மதியமே ரேகா பேக்கிங் பிரிவில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மாதக் கடைசியில் ரேகாவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை. நுழைவு அட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

சாயங்காலம் சானடோரியம் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் அவள் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. "உன்கிட்ட மட்டும்தானேக்கா சொன்னேன்" என்றாள். அதற்கு மேல் பேசாமல் போய்விட்டாள். சண்டை போட்டிருந்தால் எவ்வளவோ தேவலை.

மறுநாள் நேராக ஜெசிந்தாவின் அறைக்குப் போனேன். "மேடம், நீங்க யார்கிட்ட சொன்னீங்க?" என்று கேட்டேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நடந்ததைச் சொன்னார். பேக்கிங் பிரிவுக்கு மாற்றியதற்குத் தலைமை அலுவலகம் காரணம் கேட்டிருக்கிறது. அவர் உண்மைக் காரணத்தை எழுதி அனுப்பியிருக்கிறார். அதில் தவறு இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

அன்று மதியம் அவர் கேன்டீனுக்கு வந்தார். வழக்கமாகத் தன் அறையில் தனியாகத்தான் சாப்பிடுவார். எங்கள் மேசைகளுக்கு நடுவில் நின்றார்.

"ரேகாவுக்கு வேலை போனதுக்கு நான்தான் காரணம். நல்லதுன்னு நெனச்சு ஒரு காரணத்தை எழுதினேன். அது அவங்க விஷயம், அவங்களைக் கேட்டுட்டு எழுதணும்னு எனக்குத் தோணல. தப்பு என்னோடது. மல்லிகா அக்கா மேல எந்தத் தப்பும் இல்ல."

ஒருத்தி எழுந்து தட்டைக் கழுவப் போனாள். அவள் பின்னால் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். எல்லோரும் போகும்வரை அவர் அங்கேயே நின்றார். மன்னித்துவிடுங்கள் என்று அவர் கேட்டிருந்தால், நாங்கள் ஏதாவது சொல்லித்தான் ஆகவேண்டியிருக்கும். அந்தத் தொல்லையை அவர் எங்களுக்குக் கொடுக்கவில்லை. இது எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்தது.

அந்த வாரமே என்னை அழைத்துக்கொண்டு பொழிச்சலூருக்கு வந்தார். ரேகாவின் கணவர் ஆட்டோ ஓட்டுபவர், வீட்டில் இருந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"இன்னா மேடம், இப்ப வந்து இன்னா ஆவப் போவுது? வூட்டுக்கு வந்து பாத்துட்டா வேலை வந்துடுமா? அவ சாப்பிடாமகூட கெடக்குறா, தெரியுமா ஒனக்கு?"

பக்கத்திலிருக்கும் விமான நிலையத்துக்கு ஒரு விமானம் கூரையை உரசுவது போல் இறங்கிச் சென்றது. அந்தச் சத்தம் அடங்கும்போது ரேகா உள்ளேயிருந்து வந்து நின்றாள். பிறகு ஜெசிந்தா ரேகாவைப் பார்த்துச் சொன்னார்:

"வேலைய வாங்கித் தர்றேன்னு சொல்ல மாட்டேன் ரேகா. அது என் கையில இல்ல. கேட்டுக்கிட்டே இருப்பேன். கேட்டுட்டு என்ன சொன்னாங்கன்னு உங்களுக்குச் சொல்வேன்."

ரேகாவின் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் அது வெறும் பேச்சாகவே பட்டது.

ஆனால் மாதம் பிறந்ததும் ரேகாவின் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. "இந்த மாசமும் கேட்டேன். முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அடுத்த மாசம் கேட்கிறேன்." அடுத்த மாதமும் வந்தது. அதற்கடுத்த மாதமும் வந்தது. ரேகாவுக்குப் பெண் குழந்தை பிறந்த மாதத்திலும், வாழ்த்துக்குக் கீழே அதே வரி இருந்தது. நல்ல செய்தி சொல்ல எல்லோருக்கும் வரும். ஒவ்வொரு மாதமும் கெட்ட செய்தியைத் தானே வந்து சொல்கிற ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குழந்தைக்கு ஏழு மாதம் ஆனபோது ரேகாவை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். வேலைக்கு வந்த முதல் நாள் அவள் ஜெசிந்தாவிடம் எதுவும் பேசவில்லை. அங்கியை மாட்டிக்கொண்டு நேரே தன் மேசைக்குப் போனாள். அவரும் அவளிடம் எதுவும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் அவர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். எங்களில் யாரைப் பற்றி என்ன எழுதினாலும், ஆண்டு மதிப்பீடாக இருக்கட்டும், புகாராக இருக்கட்டும், அந்த ஆளை அழைத்து எதிரே உட்காரவைத்துத் தமிழில் படித்துக் காட்டுவார். அதன் பிறகுதான் கையெழுத்துப் போடுவார். "நீங்க கேக்காத ஒரு வரி உங்களைப் பத்தி என்கிட்டேயிருந்து போகாது" என்றார். நாற்பது பேருக்கும் இப்படிச் செய்தார். ஒவ்வொரு ஆண்டும் அதற்கு இரண்டு வாரம் பிடிக்கும். சிலருக்குக் கேட்கவே சங்கடமாக இருந்தது. "வேகம் குறைவு" என்று படித்துக் காட்டியபோது செல்வி அழுதாள். அவர் தண்ணீர் கொடுத்தார். வரியை மாற்றவில்லை.

அந்த நாற்காலியில் ஒருநாள் நானும் உட்கார வேண்டி வந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை டார்கெட் மறுபடி ஏறியது. கூடுதலாக ஆள் தரவில்லை. "மேடம், முடியாது. சோதனை பண்ண நேரமே இருக்காது" என்று அன்றே சொன்னேன். "ரெண்டு நாள்தான்க்கா, சமாளிங்க" என்றார். என் வேலைகளில் முக்கியமானது, ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஐந்து குழாய்களை எடுத்து, ஒட்டிய இடம் விடாமல் நிற்கிறதா என்று இழுத்துப் பார்த்துத் தாளில் கையெழுத்துப் போடுவது. வியாழக்கிழமை கடைசி நேரத்தில் இரண்டு தட்டுகளை இழுத்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். பதினொரு ஆண்டுகளில் அப்படிச் செய்தது அதுதான் முதல் முறை. நூறு முறை சரியாக இருந்தது, நூற்றியோராவது முறையும் சரியாகத்தான் இருக்கும் என்று கை தானாகப் போட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை மனசு கேட்காமல், அந்தத் தட்டுகளிலிருந்து மாதிரிக்கு எடுத்துவைத்த குழாய்களை இழுத்துப் பார்த்தேன். மூன்றாவது குழாய் கையோடு வந்துவிட்டது.

இவை வெளியே போனால் என்ன ஆகும் என்றுதான் முதலில் தோன்றியது. ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில், ஏதோ ஒரு குழந்தையின் கையில் அந்தக் குழாய் செருகியிருக்கும். அது பாதியில் கழன்றால் ரத்தம் வெளியே போகும், உள்ளே காற்று ஏறும். பக்கத்தில் இருந்த தேவி பார்த்துவிட்டாள். "அக்கா, கீழ போட்டுட்டு வேலையப் பாரு. யாருக்குத் தெரியப் போவுது?" என்று கிசுகிசுத்தாள். அவள் கெட்டவள் அல்ல. என் வேலை போய்விடக்கூடாது என்று பயந்தாள். பழைய மேலாளர் காலமாக இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். இதை இன்று ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அன்று ஜெசிந்தாவின் அறைக் கதவைத் தட்டியபோது ரேகாவின் போனுக்கு வந்த அந்தச் செய்திகள்தான் என் நினைவில் இருந்தன. இவரிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நடப்பதை என்னிடமே சொல்வார் என்று தெரியும்.

சொன்னேன். அவர் திட்டவில்லை. "லாரி ஏறிடுச்சா?" என்று மட்டும் கேட்டார். கிடங்குக்குப் போன் போட்டார். பெட்டிகள் ஏற்றுவதற்காக வாசலில் அடுக்கியிருந்தன. நிறுத்தச் சொன்னார். அங்கியைக்கூட மாட்டாமல் கிடங்குக்கு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். அன்று பகல் முழுவதும் பெட்டிகளைப் பிரித்து இழுத்துப் பார்த்தோம். அந்த இரண்டு தட்டுகளில் பல குழாய்கள் கழன்று வந்தன.

தலைமை அலுவலகத்திலிருந்து பொது மேலாளர் போனில் கத்தியது கதவுக்கு வெளியேயும் கேட்டது. "யாருன்னு பேர் சொல்லுங்க" என்றார். "ரிப்போர்ட்ல எழுதறேன் சார். முதல்ல அவங்களுக்குப் படிச்சுக் காட்டணும்" என்றார் ஜெசிந்தா.

மாலையில் என்னை எதிரே உட்காரவைத்துப் படித்தார். முதல் பத்தி முழுவதும் அவரைப் பற்றியது. ஆள் தராமல் டார்கெட்டை ஏற்றியது உற்பத்தி மேலாளர். சோதனைக்கு நேரம் இருக்காது என்று லைன் லீடர் செவ்வாய்க்கிழமையே சொன்னார், மேலாளர் கேட்கவில்லை. இரண்டாவது பத்தியில் நான் இருந்தேன். லைன் லீடர் மல்லிகா இரண்டு தட்டுகளைச் சோதிக்காமல் கையெழுத்திட்டார். மறுநாள் அவரே கண்டுபிடித்து, அவரே வந்து சொன்னார். அதனால்தான் பெட்டிகள் வெளியே போகவில்லை.

வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "மேடம், என் பேர் இல்லாம எழுதக்கூடாதா?"

பேனாவைக் கீழே வைத்தார்.

"எழுதலாம்க்கா. ஆனா உங்க பேரை எடுத்துட்டா, நீங்க வந்து சொன்னீங்கன்றதையும் எடுக்கணும். அப்புறம் இதுல தப்பு மட்டும்தான் இருக்கும், தடுத்தவங்க யாரும் இருக்க மாட்டாங்க."

அப்படியே இருக்கட்டும் என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூன்று மாதம் லீடர் பொறுப்பிலிருந்து நீக்கிச் சாதாரண மேசையில் உட்காரவைத்தார்கள். நான் கற்றுக்கொடுத்த பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து குழாய் ஒட்டினேன். அந்த நாட்களில் ஜெசிந்தா மேல் எனக்குக் கோபம் இருந்தது. வணக்கம் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுவேன். அவருக்கு வரவேண்டியிருந்த பதவி உயர்வு அந்த ஆண்டு இன்னொருவருக்குப் போனது. இதை அவர் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. அலுவலகத்தில் டைப் அடிக்கும் பெண் சொல்லித்தான் தெரிந்தது. அவருடைய முதல் பத்தியை அவர்கள் நன்றாகவே படித்திருந்தார்கள்.

கோபம் போன நாளும் நினைவிருக்கிறது. மேசைக்கு மாறி இரண்டு வாரம் இருக்கும். எதிர் மேசையில் இருந்த செல்வி திடீரென்று கையைத் தூக்கினாள். "மேடம், இந்தத் தட்டுல நாலஞ்சு பீஸ் நான் பசைல சரியா முக்கல. பேச்சு குடுத்துக்கினே போட்டுட்டேன்" என்றாள். "வேகம் குறைவு" என்று எழுதியதற்கு அழுத அதே செல்விதான். ஜெசிந்தா வந்து அந்தத் தட்டைத் தனியாக எடுத்துவைத்தார். "தேங்க்ஸ் செல்வி" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்தக் கூடத்தில் அதற்கு முன் ஒருவர்கூடத் தன் தப்பைத் தானே கை தூக்கிச் சொன்னதில்லை. எனக்கு என்ன நடந்தது என்பதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். தண்டனை உண்டு, ஆனால் முதுகுக்குப் பின்னால் எதுவும் நடக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு கைகள் உயர்ந்தன.

அவர் பிறகு காட்டாங்குளத்தூர் பக்கம் வேறொரு நிறுவனத்துக்குப் போய்விட்டார். போகிற நாளில் பெரிய பேச்சு எதுவும் பேசவில்லை. ஒவ்வொரு மேசையாக வந்து பெயரைச் சொல்லி விடைபெற்றார். எப்போதாவது போனில் பேசுவோம். கடைசியாகப் பேசியபோது என் முழங்கால் வலியைப் பற்றித்தான் விசாரித்தார். தன் தலைவலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மாடம்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போனோம். தெருவில் சாமியானா போட்டிருந்தார்கள். எங்கள் கூடத்துப் பெண்களில் பதினேழு பேர் வந்திருந்தோம், இப்போது பல இடங்களில் வேலை பார்ப்பவர்கள். ரேகா தன் கணவரின் ஆட்டோவில் வந்தாள். அவளுடைய மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள், அவளும் வந்திருந்தாள். ரேகாவின் கணவர் உள்ளே வந்து, சவப்பெட்டியின் அருகே கைகளைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். தேவி வெளியில் வந்ததும் மூக்கைச் சிந்திக்கொண்டு, "எந்தங்கச்சி நிச்சயத்துக்கு லீவு குடுக்கல இந்தம்மா. அந்தக் கோவம் இன்னும் கீதுக்கா எனக்கு. ஆனா வராம இருக்க முடில" என்றாள்.

ஜெசிந்தாவின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். எங்கள் கூட்டத்தைப் பார்த்து அவளுக்கு வியப்பாக இருந்தது. "அம்மா வேலை விஷயம் எதையும் வீட்ல பேச மாட்டாங்க ஆன்ட்டி. ரொம்ப ஸ்ட்ரிக்ட்டா இருப்பாங்கன்னு நெனச்சேன். உங்களுக்கெல்லாம் அவங்களைப் பிடிக்குமா?" என்று கேட்டாள்.

பிடிக்கும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த இடத்தில் அரைகுறையாகப் பேச எனக்கு வாய் வரவில்லை. "ஸ்ட்ரிக்டுதாம்மா. ஆனா உங்கம்மா எங்களைப் பத்தி எங்க எத எழுதினாலும், அது என்னன்னு எங்களுக்குத் தெரியும்" என்றேன். அவளுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்று அதே தொழிற்சாலையில் நான் மேற்பார்வையாளராக இருக்கிறேன். எனக்குக் கீழே இருபத்தைந்து பேர். அவர்களில் சிலர் என்னிடம் வந்து பேசுகிறார்கள். சிலர் இன்னும் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்கள் என்னை நம்புகிறார்களா என்று எனக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று சில நாள் ஆசையாக இருக்கும். அப்போதெல்லாம் ஒன்றை நினைத்துக்கொள்வேன். அந்த ஆறு ஆண்டுகளில் ஜெசிந்தா மேடம் "என்னை நம்புங்கள்" என்று எங்களிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. நாங்கள் நம்புகிறோமா என்று தெரியாமலேயே தன் வேலையைச் செய்துகொண்டிருந்தார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதைத்தான். நானும் யாரையும் கேட்பதில்லை.